கத்தாழை மீனின் காதுக்கல்

பிப்ரவரி 4

ஐயா,

ஐஸ் லாரிக்காரர் மூலமாக நீங்கள் சொல்லியனுப்பிய செய்தி வந்தது. மே மாதம் கத்தாழை மீன் கூட்டம் கூடுவதற்குள் உங்கள் படகுக்குச் சிறிய கண் வைத்த வலை வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். போன மாதம் நேரில் கேட்டபோது சொன்ன பதில்தான் இப்போதும். முடியாது.

வாய்ச் செய்திக்கு வாய்ச் செய்தியாகவே பதில் அனுப்பியிருக்கலாம். அந்த லாரிக்காரர் வழியில் உள்ள டீக்கடைகளில் எல்லாம் நிறுத்தி, என் பதிலுக்குக் கை கால் வைத்துத்தான் உங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பார். போனில் பேசினால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். கான்வென்டில் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், கோபம் வந்தால் எழுது, மை காய்ந்த பிறகு ஒரு தடவை படித்துப் பார் என்பார். காயவைத்துப் படித்துப் பார்த்தேன். மாற்ற ஒன்றும் இல்லை.

உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன். என் கணவர் இந்த வலைப் பட்டறையைத் தொடங்கியபோது தேக்குத் துண்டில் ஓர் அளவுகட்டை செதுக்கினார். அந்தக் கட்டை நுழையாத வலைக்கண் எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. இப்போது முடிச்சுப் போடுவது இயந்திரம். ஆனால் தீர்ப்புச் சொல்வது கட்டைதான். கத்தாழை ஒரு தடவையாவது முட்டையிட்ட பிறகே வலையில் மாட்ட வேண்டும், குஞ்சு தப்பிப் போக வேண்டும் என்று அவர் பார்த்துப் பார்த்து வைத்த அளவு அது. குஞ்சு பிடிக்க வலை கேட்டு எங்கள் மாப்பிள்ளையே வந்து நிற்பார் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். மாப்பிள்ளையாக இருந்தவர் என்று எழுத வேண்டும். மகளே கண்ணை மூடிய பிறகு நமக்குள் இனி என்ன முடிச்சு இருக்கிறது என்று அன்று நான் கேட்டேன். நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள்.

சிறிய கண் வலை கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அதை என்னிடம் வந்து ஏன் கேட்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

நீங்கள் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன டீ, மேசையில் வட்டமாகக் கறை போட்டிருக்கிறது. எலுமிச்சம்பழம், சோடா உப்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. போகவில்லை.

விட்டுப்போன மழைக்கோட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இடது அக்குளில் தையல் விட்டிருந்தது, தைத்திருக்கிறேன். கிழிந்த பொருளைக் கிழிந்தபடியே திருப்பிக் கொடுப்பது என் வழக்கம் இல்லை. வேறு அர்த்தம் எதுவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
உரிமையாளர், வலைப் பட்டறை


பிப்ரவரி 19

அத்தைக்கு,

‘ஐயா’ என்று படித்ததும், யாராவது பெரிய மனிதர் பின்னால் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். கோட்டு வந்தது. தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோட்டே மக்கிப்போனாலும் அந்த அக்குள் மட்டும் நிற்கும் போலிருக்கிறது. உரிமையாளருக்கு நன்றி.

எனக்கு உங்களைப்போல் கோவையாக எழுத வராது. எங்கள் வீட்டில் எழுதுகிற வேலையெல்லாம் வாலு பார்த்துக்கொண்டாள். அந்தப் பெயர் உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். நீங்கள் ஆசையாக வைத்த பெயரைத் துறைமுகத்தில் ஒருத்தரும் சொல்லவில்லை என்றால் நான் என்ன செய்ய? உங்கள் மகள் செய்த சேட்டை அப்படி.

இந்தத் துறைமுகத்துக்கு ஏன் வந்தாய் என்று இங்கே கேட்கிறார்கள். மாமியாரின் திட்டுக்குத் தப்பி வந்தேன் என்று சொல்வதில்லை. மீன் வந்தது, பின்னாலேயே நானும் வந்தேன் என்கிறேன். அதுவும் உண்மைதானே. நம் பக்கத்துக் கடல் இந்தக் குளிர்காலத்தில் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். விடியற்காலையில் கையை விட்டால், யாரோ குளித்துவிட்டு மிச்சம் வைத்த வெந்நீர் மாதிரி. குஞ்சுகள் ஒளிந்து வளர்கிற கடற்புல் வெந்த கீரையாகக் கரையில் ஒதுங்கியது. சின்ன மீன்கள் குளிர்ச்சி தேடிக் கீழே போய்விட்டதால், தீவுப் பறவைகள் முங்கி முங்கிப் பார்த்துவிட்டு வெறும் அலகோடு போயின. இங்கே தண்ணீர் இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி. கத்தாழை இங்கேதான் ஏறி வந்திருக்கிறது.

வந்திருக்கிறது, ஆனால் சிறுத்து வந்திருக்கிறது. உங்கள் பட்டறை வலையைப் போட்டால், திறந்த கேட்டுக்குள் ஆடு போவதுபோல் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போகின்றன. குஞ்சு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒன்று எப்படியோ கயிற்றில் சிக்கி வந்தது. என் ஒரு சாண்கூட இல்லை. கூட்டாளி அதைக் கிழித்தார். உள்ளே சினை, அத்தை. வயிறு கொள்ளாத சினை. குஞ்சுக்கு ஏது சினை? இதைச் சொல்லத்தான் அன்றைக்கு வந்தேன். நீங்கள் கட்டையை மேசையில் தட்டி வைத்தீர்கள், நான் எழுந்து வந்துவிட்டேன்.

படகில் என்னோடு நாலு பேர். நாலு வீடு. மே மாதக் கூட்டத்தையும் விட்டால் படகை வைத்துக்கொள்ள முடியாது, விற்கத்தான் வேண்டும். அதனால்தான் திரும்பக் கேட்கிறேன்.

ஐஸ் ஆலைக்கு மேலே ஓர் அறை. ராத்திரி பகல் தரை நடுங்கிக்கொண்டே இருக்கும். கோட்டு ஆணியில் தொங்குகிறது. பரவாயில்லை.

உங்கள் மாப்பிள்ளை
(இருந்தவன் என்று எழுத எனக்கு வரவில்லை)


மார்ச் 3

உங்கள் கடிதம் கிடைத்தது.

ஒரு மீனின் வயிற்றில் சினை இருந்தது என்பதற்காக, எல்லா மீனையும் தாய் என்று முடிவுகட்ட முடியாது. எந்த வகுப்பிலும் குள்ளமாக ஒரு குழந்தை இருக்கும். அதை வைத்து எல்லோருடைய சட்டையையும் சிறிதாகத் தைப்பார்களா?

நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. தேவை வந்துவிட்டால் மனிதனுடைய கண்ணுக்குத் தேவையானதே தெரியும். என் கணவர் கட்டையைச் செதுக்கியதும் அப்படிப்பட்ட ஒரு வருஷத்தில்தான். கையில் கிடைத்ததையெல்லாம் வாரினார்கள். அதற்குப் பிறகு மீன் திரும்பி வர எத்தனையோ வருஷம் ஆயிற்று. அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். ஒழுங்காகப் போயிருந்தால்.

இங்கே நிலைமை நன்றாக இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். பழுது பார்க்க வருகிற வலைகளில் எல்லாம் சொறிமீன். இழுத்தால் கூழாக ஒழுகுகிறது. உதறிக் கழுவுகிற பெண்களுக்குக் கை தடித்துப்போகிறது. கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சந்தையில் இதுவரை பார்க்காத ஒரு மீன் வருகிறது. நெற்றி முட்டிக்கொண்டு, வாலில் மஞ்சள் பட்டையோடு, தலையணை அளவில் இருக்கிறது. எங்கேயோ சூட்டுக் கடலில் இருந்ததாம். பெயர் தெரியாததால் விற்பவர்கள் ‘விருந்தாளி’ என்று வைத்திருக்கிறார்கள். வாங்குவோர் யாரும் இல்லை. அழைக்காமல் வந்து உட்கார்ந்துகொள்வதற்கு விருந்தாளி என்று பெயரா? நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பட்டறையில் உங்களை விசாரிக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த அந்த வாயாடிப் பெண்தான் அதிகமாக விசாரிக்கிறாள். “அம்மா அந்தக் கட்டையைத் தலைகாணிக்கு அடியில வெச்சுக்கிட்டுத்தான் தூங்குறாங்க, மாப்பிள்ளை வந்து திருடிட்டுப் போயிடப் போறாருன்னு” என்று எனக்குக் கேட்கும்படியே சொல்கிறாள். வேலையில் கெட்டிக்காரி என்பதால் விட்டுவைத்திருக்கிறேன்.

தரை நடுங்குகிற அறையில் எப்படித் தூங்குகிறீர்கள்? கட்டில் கால்களுக்கு அடியில் பழைய டயரை வெட்டி வையுங்கள். ஈரக் காலுறையோடு படுக்கிற பழக்கத்தை இன்னும் விடவில்லை என்று நினைக்கிறேன். அதைச் சொல்ல இப்போது உங்களுக்கு ஆள் இல்லை. அதனால் சொல்கிறேன்.

வலை கிடையாது.

உரிமையாளர்


மார்ச் 18

அத்தைக்கு,

டயர் வைத்தேன். நடுக்கம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி என்னுடையதாக இருக்கலாம். காலுறையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கடையில் வாங்காமல் உங்களிடம் ஏன் கேட்கிறேன் என்று முதல் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். கல்யாணமான நாள் முதல் வேறு பட்டறை வலை என் படகில் ஏறியதில்லை. வலை கடையில் கிடைக்கும் அத்தை. திட்டுவதற்கு ஆள் கடையில் கிடைக்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கடல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே வேலை பார்க்கிற பெண் துறைமுகத்துக்கு வந்து மீன் தலைகளைக் கேட்டு வாங்கிப் போவாள். தலைக்குள் இருக்கும் காதுக்கல்லுக்காக. கல்லை நடுவில் உடைத்து, உடைந்த முகத்தை மெழுகுவத்திச் சுடரில் லேசாகப் பழுக்கக் காட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு லென்ஸில் பார்த்தால், வெட்டின மரத்தில் இருப்பதுபோல் வளையம் வளையமாகத் தெரியும். ஒரு வளையம் ஒரு வருஷம். மீனுக்கு வயது என்ன என்று கல் சொல்லிவிடும். உடம்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும்.

ஏன் சிறுத்துப்போகிறது என்று அவளைக் கேட்டேன். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கிற மூச்சுக்காற்று குறைந்துபோகுமாம். ஆனால் சூட்டில் மீனின் உடம்பு முன்பைவிட அதிகமாக மூச்சு கேட்குமாம். அதனால், கிடைக்கிற மூச்சுக்கு எவ்வளவு உடம்பைத் தாங்க முடியுமோ அவ்வளவோடு நின்றுவிடுகிறது என்றாள். அவள் இன்னும் என்னென்னவோ சொன்னாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூச்சுக்குத் தவிப்பது என்றால், கடைசி மாதங்களில் மூன்று தலையணை அடுக்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு வாக்கியத்தை மூன்று தடவையாக நிறுத்தி நிறுத்திச் சொன்ன வாலுவைத்தான் எனக்குத் தெரியும். உங்களுக்கும்.

மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து ஒரு கல் அனுப்புகிறேன். சினையோடு இருந்த, ஒரு சாண்கூட இல்லாத கத்தாழையின் கல்.

இதை மட்டும் பார்த்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஒப்பிட ஒன்று வேண்டும் என்பீர்கள். பழைய காலத்துப் பெரிய கத்தாழையின் கல் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. உங்கள் பொத்தான் டப்பாவில். சின்ன வயதில் மீன் வெட்டுகிற பெண்களிடம் தலை கேட்டு வாங்கி வாலு சேர்த்து வைத்தது. பொத்தானோடு மீன் நாற்றம் என்று நீங்கள் திட்டினீர்களாம். அவள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அதில் ஒன்றை உடைத்துப் பாருங்கள்.

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். தெரிந்துதான் கேட்கிறேன். நான் குஞ்சு பிடிக்கிறவன் இல்லை என்று உங்களுக்குக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 12

மாப்பிள்ளைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. இதற்கு முன் இரண்டு பதில் எழுதிக் காயவைத்துப் படித்தேன். இரண்டும் அனுப்பத் தகுந்தவை அல்ல. உங்களுக்கு எவ்வளவு துணிச்சல் என்று தொடங்கி எங்கெங்கோ போயின. பொத்தான் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியை எங்கே வைத்தேன் என்று தெரியாததுபோல் எனக்கு நானே நடித்துக்கொண்டு சில நாள் போயிற்று.

அவள் சேட்டைக்காகச் சேர்த்தாள் என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். கடைசி மாதத்தில் ஒரு நாள், நீங்கள் மருந்து வாங்கப் போயிருந்தபோது, அந்த டப்பாவைக் கொண்டுவரச் சொன்னாள். பொத்தான்களை ஒரு பக்கம் ஒதுக்கி, கற்களைப் போர்வையின் மேல் பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாக அடுக்கினாள். “பாரும்மா, நாறவே இல்ல” என்றாள். அவ்வளவுதான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. மேசையில் வெள்ளைத் துணி விரித்து டப்பாவைக் கவிழ்த்தேன். ஓரம் உடைந்த கல் ஒன்று இருந்தது. ஏற்கெனவே பழுதானதுதானே, அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று கை போயிற்று. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் பழுதில்லாததோடுதான் ஒப்பிட வேண்டும். இருந்ததில் நல்ல கல்லை எடுத்தேன். என் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியது. பால் வெள்ளை. கத்தியை வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். இரண்டு தடவை சுத்தியலைக் கீழே வைத்தேன். மூன்றாவது தடவை தட்டினேன். அரிசி கடிபடுகிற சத்தம்கூட வரவில்லை.

கான்வென்டில் தையலுக்குப் பரிசாகக் கொடுத்த, பூத்தையல் வேலைக்கான லென்ஸ் என்னிடம் இருக்கிறது. மெழுகுவத்தி, எண்ணெய், நீங்கள் சொன்னபடியே. பழைய கல்லில் ஐந்து வளையம், ஒன்றுக்கொன்று இடம் விட்டு, அவசரமில்லாமல் இருந்தன. பிறகு உங்கள் கல்லை உடைத்தேன். அளவில் பாதி. அதில் முதல் வளையம் அகலம், அவசர அவசரமாக வளர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு மூச்சு முட்டுகிற நெருக்கம். எண்ணினேன். ஐந்து.

தையலில் சந்தேகம் வந்தால் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்க வேண்டும் என்பது சிஸ்டர் சட்டம். முதலிலிருந்து எண்ணினேன். மறுநாள் வாயாடியைக் கூப்பிட்டு, எந்தக் கல் எது என்று சொல்லாமல் எண்ணச் சொன்னேன். “இதுலயும் அஞ்சு, அதுலயும் அஞ்சு” என்றாள். பிறகு உடைந்த கல்லைப் பார்த்து, யாருடையது என்று புரிந்துகொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் வெளியே போனாள்.

நீங்கள் சொன்னது சரி. என் வலைக்குள் புகுந்து போகிறவற்றைக் குஞ்சு என்று சொன்னேன். அவை தாய்கள். உங்களைப் பற்றிச் சொன்னதும் சரியில்லை.

அதனால் புதிய அளவுகட்டை ஒன்றை நானே செதுக்கினேன். அழகாக வரவில்லை. இயந்திரத்தை அதற்குத் தகுந்தபடி மாற்றியாகிவிட்டது. வலை ஓடிக்கொண்டிருக்கிறது. மேல் கயிறும் கீழ்க் கயிறும் என் கையால் கோக்கிறேன், வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. மாதக் கடைசியில் ஐஸ் லாரியில் வந்துவிடும். படகை விற்க வேண்டாம்.

அத்தை


ஏப்ரல் 13

அத்தைக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. கோபம்தான் என்று நினைக்கிறேன், நியாயம்தான். ஆனால் இந்தக் கடிதம் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்க முடியாது.

வலை வேண்டாம் அத்தை. கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

போன வாரம் பக்கத்துப் படகுக்காரரிடம் சிறிய கண் வலை ஒன்றை இரவல் வாங்கினேன். ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம், நான் சொன்னது சரிதான் என்று கூட்டாளிகளுக்காவது காட்டலாம் என்று. கத்தாழை சத்தம் போடும் என்று உங்களுக்குத் தெரியும். முட்டையிடக் கூடுகிற காலத்தில் சாயங்காலமானால் ஆண் மீன்கள் கொர் கொர் என்று கூப்பிடும். கல்யாணமான புதிதில் வாலு என்னோடு படகில் வருவாள், நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும். அடிப்பலகையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு, “உங்க சொந்தக்காரங்க கொறட்டை விடுறாங்க, வந்து கேளுங்க” என்பாள். மே வருவதற்குள்ளேயே கூடத் தொடங்கிவிட்டன போலும், அந்தச் சத்தம் அன்றைக்கும் கேட்டது. முன்பு மாதிரி தடித்த குரல் இல்லை. மெலிந்த குரல். ஆனால் நிறையக் குரல்.

வலையை இழுத்தோம். கனம் தாங்காமல் படகு சாய்ந்தது. இந்த வருஷத்தில் முதல் தடவையாகக் கூட்டாளிகள் சிரித்தார்கள். கொட்டிப் பார்த்தால் ஒன்று விடாமல் எல்லாம் வயிறு புடைத்தவை. மேல்தட்டு முழுக்கச் சினை பிதுங்கி, கால் வைத்தால் வழுக்கியது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். எங்களில் மூத்தவர், நாலு குழந்தை பெற்றவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். “தம்பி, நாம மீன் பிடிக்கல. பிரசவ வார்டையே கட்டிலோட தூக்கிட்டு வந்துட்டோம்” என்றார்.

உயிரோடு இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டோம். நிறைய மிதந்தன. நான் அடிப்பலகையில் காதை வைத்துப் படுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். ஒன்றும் இல்லை.

குஞ்சு இல்லை என்று காட்டத்தான் இத்தனை பாடுபட்டேன். குஞ்சு இல்லைதான். ஆனால் மாமா கட்டை செதுக்கியது ஓர் அளவுக்காகவா? ஒரு தடவையாவது பெற்றுப் போட விடு என்பதற்காகத்தானே. நீங்கள் அதைத்தான் சொன்னீர்கள். நான் அளவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

படகைக் கேட்டு ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மே கடைசியில் முடிவு சொல்ல வேண்டும். பிறகு என்ன செய்வேன் என்று கேட்காதீர்கள்.

ஒன்றே ஒன்று. கல்லை உடைக்க வேண்டாம். இன்னும் உடைக்கவில்லையென்றால், டப்பாவை மூடி வைத்துவிடுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 25

மாப்பிள்ளைக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமலே கடந்து போயிருக்கின்றன. என்னுடையது இதற்குள் உங்கள் கையில் இருக்கும். கல் உடைந்துவிட்டது, வலையும் முடிந்துவிட்டது. உங்கள் கடிதம் வந்தபோது கீழ்க் கயிற்றின் கடைசி முடிச்சில் இருந்தேன். முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் பிரித்துப் படித்தேன்.

பிரசவ வார்டு என்று உங்கள் படகில் மூத்தவர் சொன்னதை வாயாடியிடம் சொன்னேன். அவள், “ரெண்டு பேரும் ஒரே சமயத்துல ஒருத்தர் பக்கத்துக்கு இன்னொருத்தர் மாறி உக்காந்துக்கிட்டீங்களே, இனி யார் யாரைத் திட்டுறது?” என்று கேட்டாள். அவளுக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

கல் உடைந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. இத்தனை வருஷம் அது வெறும் வெள்ளைக் கல்லாக இருந்தது. உள்ளே இப்படி ஒன்று இருக்கிறது என்று என் மகள் பார்த்திருந்தால், டப்பாவில் ஒரு கல்லையும் விட்டுவைத்திருக்க மாட்டாள், எல்லாவற்றையும் உடைத்திருப்பாள். உங்களுக்கும் அது தெரியும்.

இப்போது நான் சொல்வதைக் குறுக்கே பேசாமல் படியுங்கள்.

புதிய வலை உங்களுடையது. ஆனால் லாரியில் ஏற்றவில்லை. பட்டறை உத்தரத்தில் தொங்குகிறது. கத்தாழை முட்டையிட்டு முடிக்கும்வரை அங்கேயே தொங்கும். எப்போது முடிகிறது என்பதை அந்த ஆராய்ச்சி நிலையத்துப் பெண்ணிடம் கேட்டு எழுதுங்கள். தேதி அவள் சொல்லட்டும், நீங்களும் வேண்டாம் நானும் வேண்டாம். நம் இருவருக்கும் அவசரப் புத்தி.

அதுவரை என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். சந்தைக்கு வருகிற அந்த விருந்தாளி மீனைப் பற்றி எழுதியிருந்தேன். போன வாரம் பழுதுக்கு வந்த ஒரு வலையில் ஒன்று மாட்டியபடியே இருந்தது. நம் பட்டறை வலை. செவுளில் வலைக்கண் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. நான் பழைய கட்டையை எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன். நூல் பிசகவில்லை. கத்தாழைக்குப் பெரிதாகிப்போன கட்டை, இதற்குச் சரியாக இருக்கிறது. உங்கள் படகில் சும்மா கிடக்கிற பழைய வலைகளே போதும். சூட்டோடு வந்த மீன் சூடு உள்ள இடத்தில்தான் இருக்கிறது. நம் துறைமுகத்துக்கு வெளியே நிறைய வருகிறது. இதிலும் சிறியது எது, பெரியது எது, எப்போது முட்டையிடும் என்பதை முதலிலேயே அந்தப் பெண்ணிடம் கேட்டு வையுங்கள். தெரிந்துகொள்ளாமல் வாரினால் இதற்கும் அதே கதைதான்.

வாங்க ஆள் இல்லை என்பீர்கள். செவ்வாய்க்கிழமை சந்தையில் நானே ஒன்று வாங்கினேன். பையில் போடாமல், வால் வெளியே தெரியும்படி கூடையில் வைத்து, குடை பிடித்துக்கொண்டு, நம் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். மருந்துக்கடைக்காரர் மனைவி வாசலுக்கு வந்து பார்த்தாள். “இதையா சாப்பிடப் போறீங்க?” என்றாள். “நீங்க இன்னும் சாப்பிட்டதில்லையா?” என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக் கூடையில் ஒரு மஞ்சள் வால் தெரிந்தது. மீதித் தெருவுக்கு அது போதும்.

உப்பும் மிளகும் போட்டுப் பொரித்தேன். சதை கெட்டி, முள் குறைவு. கத்தாழையின் ருசி இல்லை. அதை எதிர்பார்த்துச் சாப்பிட்டால் பிடிக்காது. எதிர்பார்க்காமல் சாப்பிட்டேன்.

படகை விற்கப்போவதில்லை என்று, கேட்டு வந்தவரிடம் சொல்லிவிட்டு, நாலு பேரையும் அழைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வாருங்கள். அவர்கள் தங்க நூல் கிடங்கைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தரை நடுங்காது. நீங்கள் தங்குவது எங்கே என்று நான் எழுத வேண்டியதில்லை. காலுறை காயப்போட உங்கள் அறை ஜன்னலில் ஒரு கம்பி அடித்திருக்கிறது.

மாத்திரை டப்பாவைத் திருப்பி அனுப்புகிறேன். பஞ்சுக்குள் அவள் கல்லின் ஒரு பாதி இருக்கிறது. மறு பாதி பொத்தான் டப்பாவில் இருக்கிறது. நமக்குள் என்ன முடிச்சு என்று ஜனவரியில் கேட்டேனே, அந்தக் கேள்வியை நீங்கள் இனி மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மேசையில் இருக்கிற டீக் கறையை இழைத்துவிடலாம் என்று தச்சர் வந்தார். லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஓரம் கருத்து, நடுவில் வெளுத்து, நல்ல வட்டமாகத்தான் இருக்கிறது. அப்படியே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன். நீங்கள் வரும்போது கோப்பையை அதன்மேலேயே வைக்கலாம். இந்தத் தடவை குடித்துவிட்டு வையுங்கள்.

அத்தை